மிதுனாவின் மனவிளக்கு

விளக்கு மறுபடியும் சிவப்பாகவே எரிந்தது. சிஸ்டர் ஜெனிட்டா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

“அம்மா வாய் சரிங்குது, மனசு வேண்டாங்குது சார். இது நாலாவது தடவை. நான் என்ன பண்ணட்டும்?”

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றான் செங்கோட்டுவேல். உள்ளே கட்டிலில் அவன் மனைவி மிதுனா. நெற்றியில் பட்டை, பட்டையின் நடுவே மிளகளவு விளக்கு. அதன் பெயர் நம்பிக்கைமானி. ஊர் வாயில் மனவிளக்கு. ஒரு மருந்தை நோயாளி உள்ளுக்குள் நம்புகிறாரா இல்லையா என்று மூளையின் மின்னோட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். பச்சை எரிய வேண்டும், வாயும் சரி என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஊசி தானாகப் பூட்டிக்கொள்ளும். பெரிய டாக்டரே வந்து தலைகீழாக நின்றாலும் திறக்காது.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த மகராசன் யார்? சாட்சாத் செங்கோட்டுவேலேதான்! நாற்பது லட்சம் பேர் பார்க்கும் ‘கண்திறப்பு’ அலைவரிசைக்காரன். மூன்று வருடத்துக்கு முன் சாம்பல் சுரத்தில் செத்துப்போன மகள் ஆதிரையின் படத்தை மார்பில் மாட்டிக்கொண்டு, “ஊசி போடச் சொல்லி மிரட்டியே என் பிள்ளையைக் கொன்னுட்டாங்க” என்று பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்தான். மனதார நம்பாதவருக்கு ஊசி கூடாது என்று சட்டம் வந்தது. வந்த மறுவாரமே, அந்த விளக்கும் பித்தலாட்டம்தான் என்று ஆரம்பித்துவிட்டான். பார்க்கிறவர்களுக்கு வாரம் ஒரு புது ரகசியம் வேண்டுமே!

சாம்பல் சுரம் வந்தால் நகம் சாம்பல் நிறமாகும். மூன்றாம் நாள் சாயங்காலம் நுரையீரல் மூடிக்கொள்ளும். அதற்குள் ஊசி போட்டால் பிழைத்து எழுந்து நாலாம் நாள் தோசை சுடலாம். முன்கூட்டியே போட்டுக்கொண்டவருக்குச் சுரமே வராது. ஊசியில் இரும்புத்தூள் இருக்கிறது, அதை வைத்து நம் கனவை ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற கதை மட்டும் குறுக்கே நின்றது. அதைச் செங்கோட்டுவேல் ஒருநாள் பல் தேய்க்கும்போது யோசித்துப் பிடித்தான்.

இன்று மிதுனாவுக்கு மூன்றாம் நாள். மணி நாலரை. டாக்டர் கொடுத்த கெடு ஆறு.

“கண்ணு, நான் சொன்னதெல்லாம் பொய். ஒண்ணுவிடாம பொய்” என்றான் ஒலிபெருக்கியில்.

மிதுனா சிரித்தாள். மூச்சு வாங்கியது. “பயத்துல பேசறீங்க. கடைசி நேரத்துல ஊட்டு ஆளுகளையே புடிச்சுப் பேச வெப்பாங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? நீங்க அழுவாதீங்க, நான் சரின்னுதானுங்க சொல்றேன். மனசு கேக்க மாட்டேங்குது.”

அவன் வெளியே மாட்டியிருந்த இன்னொரு பட்டையைப் பிடுங்கித் தன் நெற்றியில் கட்டிக்கொண்டான். பளிச்சென்று பச்சை எரிந்தது. “பாரு! நான் இந்த ஊசியை நம்பறேன்!”

“யாரு நெத்தியில கட்டுனாலும் ஆஸ்பத்திரிக்காரங்க நெனச்ச கலருதான் எரியும்னு போன மாசம் நீங்களே காட்டலீங்களா?”

எந்தப் பக்கம் போனாலும் அவனே முன்கூட்டி அடைத்து வைத்த வழி. இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளிடம், நாற்பது லட்சம் பேருக்குச் சொல்லாத ஒன்று வேண்டும். அவள் கையே சாட்சி சொல்லும்படியான ஒன்று.

மணி ஐந்தே காலுக்கு அது ஞாபகம் வந்தது.

“மூணு வருசத்துக்கு முன்னாடி, ஆடி மாசம். வண்டியில இருந்து விழுந்துட்டேன்னு தோள்பட்டை வீங்கி வந்தேனே?”

“ஆமாங்க. மூணு நாள் உப்பு வறுத்து ஒத்தடம் குடுத்தனே. வண்டியில ஒரு கீறல்கூட இல்லீங்களேன்னுகூடக் கேட்டேன்.”

“விழலை கண்ணு. சேலத்துக்குப் போய் வேற பேர்ல ஊசி போட்டுக்கிட்டு வந்தேன். அந்த வீக்கம் அதுதான். அதனாலதான் எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் வரலை.”

மிதுனா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வீக்கத்தின் நடுவில் கையில் தட்டுப்பட்ட அந்தச் சின்னக் கல் போன்ற கட்டி அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிவப்பு மங்கியது. மெல்ல மெல்ல, அப்பாடா, பச்சை!

செங்கோட்டுவேல் குழந்தைபோல் குதித்தான். ஜெனிட்டா பாய்ந்து ஊசியை எடுத்தாள்.

“ஆடி மாசமுங்களா?” என்றாள் மிதுனா.

“ஆமா, ஆமா. சரின்னு சொல்லு கண்ணு.”

“ஆதிரை போனது ஆவணியிலங்க.”

அவன் குதிப்பது நின்றது.

“அவளுக்கு ஏனுங்க போடலை?”

ஆதிரை இருந்தபோது வாரா வாரம் வெள்ளிக்கிழமை ‘கண்திறப்பு’ நேரலையில் ஒரு சடங்கு உண்டு. மிதுனாவும் மகளும் விரலை நீட்டுவார்கள். செங்கோட்டுவேல் தன் கையால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைத்தாளில் வைப்பான். தாள் வெள்ளையாகவே இருந்தால் ஊசி படாத சுத்த ரத்தம். ஊசி போட்டிருந்தால் நீலம் பாரித்துவிடும். லட்சம் லட்சமாக இதயங்கள் பறக்கும். குத்துகிறவன் விரலைக் குத்திப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

“வெள்ளிக்கிழமை…” என்றான் செங்கோட்டுவேல். “தாள் நீலமாயிருக்கும் மிதுனா.”

“நீலமாயிருக்கும்” என்று அவள் திருப்பிச் சொன்னாள். “மூணாம் நாளு புள்ள கேட்டாளுங்க. ‘போட்டுக்கட்டுமாப்பா’ன்னு உங்களைத்தான் கேட்டா. நீங்க வேண்டாம்னு தலையாட்டுனீங்க. நான் அவ கையைப் புடிச்சுக்கிட்டு, ‘அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் கண்ணு’ன்னேன்.”

“அம்மா, பச்சை எரியுது” என்றாள் ஜெனிட்டா. “சரின்னு ஒரே ஒரு வார்த்தை.”

“நல்ல மருந்துதான் சிஸ்டர். இப்ப நம்பறேன். எம் புள்ளைக்குக் கெடைக்காதது எனக்கு வேண்டாம்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊசி ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது.

“பச்சை எரியுதில்ல! போடுங்க! பாவி, போடுடி!” கண்ணாடியில் முட்டி முட்டி அவன் நெற்றி கிழிந்தது.

“வாய் வேண்டாம்னா வேண்டாம்தான் சார்” என்றாள் ஜெனிட்டா. “ஏழாவது பிரிவு. உங்க உண்ணாவிரதத்துல சேர்த்ததுதான்.”

அதற்கப்புறம் மிதுனா அவன் பக்கம் திரும்பவே இல்லை. ஆறு மணி ஆயிற்று. எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. பச்சை விளக்கு மட்டும் கடைசிவரை எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அவன் அலைவரிசையில் உண்மையைச் சொன்னான். சேலம், வேறு பெயர், வீக்கம், மகள், எல்லாவற்றையும் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். நாற்பது லட்சமும் பார்த்தது. ‘இது அண்ணன் இல்லை, போலி உருவம்’ என்றது பாதி. ‘அண்ணனுக்கு மருந்து கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்கள்’ என்றது மீதி.

வெள்ளிக்கிழமை வீட்டு வாசலில் தெரு அடைத்துக் கூட்டம். கடைசி மூச்சுவரை ஊசியை மறுத்த வீரத்தாய் என்று மிதுனாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். செங்கோட்டுவேல் வெளியே வந்து, எல்லோர் கண்ணெதிரிலும் தன் விரலைக் குத்தித் தாளில் வைத்தான். தாள் நீலமாயிற்று. அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் அந்தத் தாளை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கிக் கசக்கிப் போட்டாள். “அண்ணனை என்ன பாடு படுத்திட்டாங்க பாருங்க. தாளையே மாத்தி வெச்சிருக்கானுங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடுப்புக் குழந்தையின் கையை அவன் முன்னால் நீட்டினாள். “நான் ஊட்ல இருந்து நல்ல தாளாக் கொண்டாந்திருக்கேன். நேத்து ராத்திரியில இருந்து புள்ளைக்கு உடம்பு சுடுது. நீங்களே குத்திப் பாத்து, சுத்தமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்கண்ணா.”

குழந்தையின் நகங்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன.