பிரம்பு காயும் நேரம்

முன் மண்டபத்திலிருந்து பிரம்பு நார் இழுபடும் சத்தம் வந்தது. துளைக்குள் நுழைந்து, சர்ரென்று நீண்டு, கடைசியில் டக்கென்று இறுகி நிற்கும் சத்தம். பிரம்புக் கதிரை பின்னுகிற றஸாக்கோடு பதினாறு வருடம் குடித்தனம் நடத்திய முஸ்பிறாவுக்கு அது பழகிப் புளித்த சத்தம்தான். ஆனால் அந்த றஸாக் இப்போது குசினியில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"கேக்குதா?" என்றாள்.

அவன் கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே காதைச் சாய்த்தான். "கச்சான் காத்து சூடா அடிக்கிது புள்ள. ஈர நார் காஞ்சா தானா இழுபடும்."

அதுவும் உண்மைதான். பிரம்பு நாரை ஊறவைத்து, ஈரத்தோடு சற்றுத் தளர்வாகப் பின்னிவிட வேண்டும். காயக் காய அது தானே சுருங்கி, தட்டினால் றபான் பறை மாதிரி ஒலிக்கும் அளவுக்கு இறுகும். ஆனால் காய்கிற நார் ஆள் இழுப்பது போல ஒரே சீராக, மூச்சு விட்டு மூச்சு விட்டு இழுபடுமா? கேட்க வாயெடுத்தவள், அவன் காலில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். காலையிலிருந்தே அந்தச் சேற்றுக்காகத்தான் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தாள். துடைத்த தரையில் யானை நடந்த மாதிரி நடந்திருந்தான் மனுசன்.

பெரியநீலாவணைக் கடற்கரையில் தென்னந்தோப்புக்குள் எழும்பியிருந்த அந்த விடுமுறை மாளிகை கொழும்பு மேடம் ஒருவருடையது. நீச்சல் தடாகமும் குளிரூட்டியும் புதுசு. மற்றதெல்லாம் துரைமார் காலத்துச் சாமான். ஏணி வைத்து ஏறவேண்டிய கட்டில், ஒல்லாந்தர் பெட்டகம், முகத்தைப் பச்சையாகக் காட்டும் கண்ணாடி. செத்துப்போன துரைமாரின் தட்டுமுட்டுக்கு நடுவே படுத்துறங்க நாளைக்கு வெள்ளைக்காரர் வருகிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் முஸ்பிறா. சாய்மனைக் கதிரையின் பிரம்பு இற்றுக் கிடந்ததால், அதைப் பின்னத் தன் புருசனையே கூட்டி வந்திருந்தாள்.

துரை கால் நீட்டிப் படுப்பதற்கென்று செய்த கதிரை அது. கை வைக்கும் சட்டங்கள் இரண்டும் முன்னால் நீண்டு போகும். துரை கால்களைத் தூக்கி அவற்றின் மேல் போட்டுக்கொள்வாராம். அந்தச் சட்டங்களின் நுனியில், கயிறு கட்டிக் கட்டி உராய்ந்த மாதிரி, மரம் சுற்றிவரத் தேய்ந்திருந்தது. "துரை ஓடிப் போகாமக் கட்டி வெச்சிருப்பாங்க போல" என்று காலையில் றஸாக் பகிடி விட்டிருந்தான்.

அவன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மண்டபத்துக்குப் போனான். காவல்காரர் எட்வேட் காஸ் சிலிண்டர் எடுக்கக் கல்முனைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. மதியத்து லுஹர் தொழுகை முடிந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது.

முஸ்பிறா படுக்கையறையில் விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டிருக்கையில்தான் அந்த மற்றச் சத்தம் கேட்டது. சளீர். காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து சதையில் விழும் பிரம்பின் சத்தம். மத்றஸாவில் ஓதிய யாருக்கும் அது தெரியாமல் போகாது. அவள் கை விரிப்போடு அந்தரத்தில் நின்றது. கடலிரைச்சல், தென்னோலைகளின் சலசலப்பு, எங்கோ ஒரு கதவு கிறீச்சிடுவது, இவையெல்லாவற்றுக்கும் நடுவே மறுபடியும் அது விழுந்தது. சளீர். கூடவே சுருட்டு நாற்றமும், நனைந்து ஊறிய தோல் சப்பாத்தின் புளித்த வாடையும் அறைக்குள் மெல்லப் பரவின. றஸாக் புகை குடிப்பவனல்ல.

"இஞ்சருங்க?"

விரிப்பைக் கீழே போட்டாள்.

சளீர்.

அவள் ஓடினாள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. மேடத்தின் கதிரையில், நீண்ட சட்டங்களில் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, மனுசன் துரை மாதிரிச் சாய்ந்து கிடந்தான். இரண்டடி கிட்டப் போனாள்.

நார் அவன் வலது உள்ளங்கைக்குள் நுழைந்து புறங்கையால் வெளியே வந்திருந்தது. அங்கிருந்து கதிரைத் துளைக்குள். திரும்ப மேலே, தொடைக்குள். பிறகு விலாவுக்குள். கீழுதட்டுக்குள். குறுக்கும் நெடுக்குமாக, ஒரு பிசகில்லாமல், அவன் கைவேலை மாதிரியே அச்சொட்டாக. இழுப்பதற்கு ஒரு கை இல்லை. நார் தானே போய்க்கொண்டிருந்தது. சர்ர். டக்.

கிழிந்த சட்டைக்குள் அவன் நெஞ்சில் ஒரு பிரம்படிக் காயம் அவள் கண் முன்னாலேயே வாய் பிளந்தது. சளீர்.

"அல்லாஹ்!"

தோட்டத்துக் கோடாலி வாசலில் கிடந்தது. எடுத்தாள். ஓங்கினாள். கதிரைச் சட்டத்தில் முழுப் பலத்தோடும் போட்டாள்.

மரத்தில் கீறல்கூட விழவில்லை. றஸாக்கின் இடது முன்கை முறிந்தது. எலும்பு வெள்ளையாக வெளியே வந்தது. நார் தைத்த உதட்டைக் கிழித்துக்கொண்டு அவன் கத்தினான். அந்தக் கத்தலை அவள் எந்த ஆணின் வாயிலும் கேட்டதில்லை.

"வெட்டாத... வெட்டாத புள்ள... தண்ணி ஊத்து. காய விடாத."

பக்கத்தில் நார் ஊறவைத்த வாளி. தூக்கி அப்படியே அவன் மேல் கவிழ்த்தாள். இரத்தமும் தண்ணீரும் மாபிள் தரையில் ஓடின. நார் தளர்ந்தது. ஒரு நூலளவு. பிறகு ஒரு விரலளவு. அவன் நெஞ்சு மேலெழுந்து மூச்சை வாங்கியது.

"பிஸ்மி செல்லல்ல" என்று அவன் அழுதான். "நார வாயில கடிச்சிக்கிட்டுத் தொடங்கிட்டன். வேற ஆரோ எனக்கு முந்திச் செல்லித் தொடங்கின மாதிரி, ஏதோ ஒரு பேர... காதுக்குள்ள கேட்டிச்சி."

அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் தொடங்கவேண்டும் என்று ஒவ்வொரு கதிரைக்கும் "பிஸ்மி செல்லிட்டீங்களா?" என்று கேட்பவள் அவள்தான். பதினாறு வருடமாகக் கேட்டாள். இன்றைக்கு, சேற்றுக் காலுக்காகக் கோபித்துக்கொண்டு, கேட்கவில்லை. காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினாள். சின்னப்பிள்ளையில் பாடமாக்கியது, நடுவில் அறுந்து போனது. மறுபடி தொடங்கினாள். ஓதிக்கொண்டே தளர்ந்த நாரை அவன் உள்ளங்கையிலிருந்து உருவினாள். ஒரு முழம். இன்னொரு முழம். கை விடுபட்டது. முழுக் கை! சூடாக அது அவள் கையைப் பிடித்தது.

"இன்னும் ஒரு வாளி" என்றாள். "இந்தா வாறன். கண்ண மூடாதீங்க."

"ஓம். கெதியா வா புள்ள."

குளியலறைக்கு இருபது காலடி. குழாயை முழுக்கத் திறந்தாள். கச்சான் காற்று திறந்த ஜன்னல்களால் வீட்டுக்குள் அனல் போலப் புகுந்து திரைச்சீலைகளைத் தூக்கி எறிந்தது. வாளி நிறைய மறுத்தது.

சர்ர். டக். சர்ர். டக். சர்ர் டக் சர்ர் டக் சர்ர் டக்.

"றஸாக்!"

பாதி வாளியோடு ஓடி வந்தாள்.

கதிரையில் ஆள் இல்லை.

தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை பின்னி முடிந்திருந்தது. ஒரு துளை மிச்சமில்லை. புதுப் பிரம்பின் மஞ்சளல்ல அது. மாநிறம். நடுவில், நாருக்கு நார், கறுத்த மயிர் அடர்ந்திருந்தது. அவள் கை வைத்துப் பார்த்தாள். சூடு. கைக்குக் கீழே அது மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

ஓரத்தில் காற்றுப் பட்ட இடம் காய்ந்து டக்கென்று இறுகியது. பின்னலுக்குள்ளிருந்து ஒரு முனகல்.

ஊற்றினாள். முனகல் நின்றது. மூச்சு வந்தது.

"ஊத்து" என்றது அது. அவன் குரல்தான்.

ஊற்றினாள். காற்று விடவில்லை. இந்த ஓரத்தை நனைத்தால் அந்த ஓரம் காய்ந்தது. வாளியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. குழாய்க்கு இருபது காலடி.

சுருட்டு நாற்றம் அவள் தோளை உரசிக்கொண்டு முன்னால் போனது. பின்னலின் நடுப்பகுதி மெல்லக் கீழே அமுங்கியது. பாரமான துரை ஒருவர் அவசரமில்லாமல் உட்காருவது போல. பிறகு முதுகுப் பக்கம் அமுங்கியது. பிறகு நீண்ட சட்டங்கள், முதலில் ஒன்று, அடுத்தது மற்றொன்று, கால்களின் பாரத்தில் கிறீச்சிட்டன.

பின்னலுக்குள் எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கத் தொடங்கின.

முஸ்பிறா வாளியைச் சரித்து ஊற்றிக்கொண்டே நின்றாள்.