மகன் சொன்ன ஆள்

திரைக்கு அந்தப் பக்கம் மகன் டாக்டரிடம் பேசுவது டிக்கெட்டம்மாவுக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் அவன் சொன்ன எதுவும் நடந்ததே இல்லை.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான் டாக்டர். மூலையில யாரோ நிக்கிறான்னு கத்துறாங்க. ரொம்ப உயரமாம். தலை கூரையில இடிக்குதுன்னு கழுத்தை மடிச்சுக்கிட்டு நிக்கிறானாம். வீட்ல யாரும் தூங்கறதே இல்ல."

அவள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள், மணிக்கட்டு வீங்கிவிட்டது, அவ்வளவுதான். தலை நரைக்கும்வரை ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். சில்லறை இல்லாமல் வந்தவர்களை வாயாலேயே வறுத்தெடுத்தவள். பேய் என்று யாராவது சொன்னால், "அதுக்கும் டிக்கெட் உண்டு" என்று சிரிப்பவள்.

"டேய், நான் எப்படா அப்படிச் சொன்னேன்?"

திரையை விலக்கிக்கொண்டு வந்த மகன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கண்களுக்குக் கீழே கருவளையம். "எக்ஸ்ரே எடுக்கணுமாம், கண்ணாடியைக் குடும்மா," என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இதோ, கார்ல போனை விட்டுட்டேன், எடுத்துட்டு வந்துடறேன்."

போனவன் போனவன்தான்.

அவசரப் பிரிவில் ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று காட்டிக்கொடுக்காத வெள்ளை விளக்கு, டெட்டாலும் மூத்திரமும் கலந்து தொண்டையில் படிகிற வாடை, எங்கோ யாருடைய இதயத்தையோ எண்ணிக்கொண்டிருந்த கருவியின் 'டிங்', தள்ளுகட்டில் ஒன்றின் எண்ணெய் காணாத சக்கரம் நெருங்கி வந்து நெருங்கி வந்து கடைசியில் வேறு பக்கம் போய்விடும் கிறீச்சொலி. கண்ணாடியில்லாத அவளுக்கு இவை எல்லாமே பனிமூட்டத்துக்குள் இருந்து வருவது போலிருந்தன. தாகம் எடுத்தது. டாக்டர் சொல்லாமல் தண்ணீர் தரக்கூடாதாம்.

"என்ன பாட்டி, உங்க ஆளு இன்னும் நிக்கிறாரா?" என்றாள் ஊசி போட வந்த நர்ஸ். "உக்காரச் சொல்லுங்க, கால் வலிக்கப்போவுது." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவளையறியாமல் கண் மூலைக்குப் போயிற்று. குளுக்கோஸ் ஸ்டாண்டு. ஒல்லியாக, மங்கலாக. அவ்வளவுதான்.

ஆனால் போன கண் திரும்பி வர மறுத்தது. சற்று நேரத்தில் ஊழியர் ஒருவர் வந்து ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு போனார்.

போன பிறகும் ஒன்று நின்றது.

"அங்க யாரு?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. நர்ஸ் அவள் இரு கைகளையும் துணிப்பட்டையால் கட்டில் சட்டத்தோடு கட்டினாள். "இன்னொரு தடவை சொன்னா மனநல வார்டுதான் பாட்டி. அங்க போனவங்களைக் கூட்டிட்டுப் போக வீட்லேருந்து ஒருத்தரும் வர்றதில்ல."

வேறொரு டாக்டர் வந்தாள். பேத்தி வயது, கனிவான குரல். கிழமை கேட்டாள், ஊர் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது.

"இப்ப இங்க நம்ம மூணு பேரைத் தவிர யாராவது இருக்காங்களாம்மா?"

அது டாக்டருக்குப் பின்னால் வந்திருந்தது. கூரை இடிக்காமலிருக்கக் கழுத்தை மடித்திருந்ததால், காது டாக்டரின் தோளுக்கு மேல் தொங்கியது. பதிலுக்காக அதுவும் காத்திருந்தது.

"யாரும் இல்லம்மா," என்றாள் டிக்கெட்டம்மா.

"பாத்தீங்களா, நல்லாத்தான் இருக்காங்க. வீட்டுக்கு அனுப்பிடலாம்." டாக்டர் மகனின் எண்ணுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். மருமகள் எடுத்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அவரு தூங்கறாருங்க. எத்தனையோ நாளுக்கப்புறம் இன்னிக்குத்தான் தூங்கறாரு. மூலையைப் பாத்துப் பாத்து உக்காந்திருந்த மனுஷன். இங்க இப்ப ஒண்ணும் இல்ல, எல்லாம் நிம்மதியா இருக்கு. தயவுசெஞ்சு அத்தையை அங்கேயே வெச்சுக்குங்க."

தொடர்பு அறுந்தது.

டிக்கெட்டம்மாவுக்கு இப்போது புரிந்தது. அவன் பொய் சொல்லவில்லை. பார்த்த ஆளை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறான். பெற்றவளோடு சேர்த்து அதையும் கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

"காலையில பேசிக்கலாம், தூங்குங்கம்மா," என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நர்ஸ் கட்டிலின் இரு பக்கக் கம்பிகளையும் உயர்த்திப் பூட்டினாள். "யாரும் இல்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே கத்தினா ஊசிதான்."

திரை இழுபட்டது. செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

கத்தக்கூடாது. பல்லைக் கடித்தாள்.

கம்பியின் மேல் ஒரு கால் வந்தது. நீளமான கால். பிறகு இன்னொன்று. மெத்தை ஒரு பக்கமாகச் சரிந்தது. முகத்தில் குளிர்ந்த மூச்சு. நிதானமாக, அவசரமே இல்லாமல், அது அவள் பக்கத்தில் படுத்து, போர்வையை இருவருக்குமாக இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டது.