அரை மணித்தியாலம் முந்திய கதவு

ட்ரிங்... ட்ரிங்...

கௌரி ரிசீவரை எடுத்தாள்.

“மிஸ், பொலிஸ்ல இருந்து. ஒஸ்வால்ட் கதைக்கிறன்.”

“சொல்லுங்க சேர்.”

“வெள்ளவத்தையில நெருப்புப் பிடிச்ச ஃப்ளாட். கனகசபாபதி எண்டு ஒரு ஆள் செத்தது. கேள்விப்பட்டீங்களா?”

கேள்விப்பட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றாம் மாடி மீட்டர் அறையில் வயர் எரிந்தது. படிக்கட்டு முழுவதும் புகை. எல்லோரும் தப்பினார்கள். ஒருவரைத் தவிர.

கனகசபாபதி. அந்த ஃப்ளாட் சங்கத்தின் செயலாளர். மொட்டை மாடிக் கதவில் சாய்ந்தபடி கிடந்தார். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை.

கதவு பூட்டியிருந்தது!

“அது விபத்து இல்ல மிஸ். கொலை. ஆளையும் பிடிச்சிட்டம். வாட்சர் அழகுமுத்து.”

“பிடிச்சிட்டீங்கதானே. பிறகேன் எனக்கு கோல்?”

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“இண்டைக்கு இருட்ட முன்னம் அவனை வேற இடத்துக்குக் குடுக்கச் சொல்லி ஓடர். அங்க போற ஆக்கள் எப்ப திரும்பி வருவாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. எனக்கு மனசு சரியில்ல மிஸ். அந்த மெஷின் எல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே. ஒருக்கா வந்து பாருங்க.”

கௌரி கைப்பையை எடுத்தாள்.

கட்டிடங்களுக்குக் கமராவும் பூட்டும் பொருத்துவதுதான் அவள் தொழில். அந்த ஃப்ளாட்டுக்கும் போன வருடம் போயிருக்கிறாள். கனகசபாபதியே தேநீர் கொடுத்து உட்காரவைத்து, அவள் சொன்ன அத்தனையையும் பொறுமையாகக் கேட்டு, கடைசியில் வேண்டாம் என்றார்...

காலி வீதியில் செக் பொயின்ட் தாண்ட நேரம் எடுத்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

கீழ் மாடியில் வாட்சர் அறை. சுவரில் மூன்று பெட்டிகள். தரையில் கைவிலங்கோடு அழகுமுத்து. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக்காரன். பக்கத்தில் சப் இன்ஸ்பெக்டர் ஒஸ்வால்ட். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்.

வாசலோரம் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பெண். வெள்ளைச் சேலை. மடியில் கைப்பை. இறந்தவரின் மனைவி நாகேஸ்வரி.

“நீங்க ஏன் அன்ரி கீழ வந்தனீங்கள்?” என்றாள் கௌரி.

“இவன்ர முகத்தைப் பாக்கவேணும் பிள்ளை.” கண்கள் அழகுமுத்துவை விட்டு விலகவில்லை. “என்ர மனுசன் வெளியில வந்து தப்பி நிண்டவர். இவன்தான், ‘அம்மா மேல இருக்காங்க’ எண்டு சொல்லி அவரை உள்ளுக்கு அனுப்பினவன். நான் மேல இல்லை. ரோட்டில நிண்டனான்.”

“மேலதான் இருக்கீங்கன்னு நெனச்சேம்மா,” என்றான் அழகுமுத்து. “நீங்க கேட் தாண்டிப் போனத நா பாக்கவே இல்ல.”

“பொய்க்கு ஒரு அளவிருக்கு.”

ஒஸ்வால்ட் முதல் பெட்டியைத் தட்டினார்.

“இது ஃபயர் அலாரம். மணி அடிச்சது மூண்டு பத்துக்கு. இது கார்ட் மெஷின். மொட்டை மாடிக் கதவு கடைசியாத் திறந்து மூடினது மூண்டு இருபத்தஞ்சுக்கு. இவன்ட கார்ட்ல. நெருப்புக்குப் பிறகு மேல போயிருக்கான். அந்த மனுசன்ட முகத்திலயே கதவை அடைச்சிருக்கான்.”

“சத்தியமா போகலீங்க சார். நெருப்பு மணி அடிச்சப்ப நா கேட்லதான் நின்னேன். அதுக்கு முன்னாடி தண்ணி டேங்க் பாக்கத்தான் போனேன்.”

“மெஷின் பொய் சொல்லுமா?”

“சொல்லாது சேர்,” என்றாள் கௌரி. “ஆனா அதுகளுக்கு ஒண்டோட ஒண்டு கதையில்ல.”

அவள் கண்கள் மின்னின. இந்த விஷயத்தை விளக்க ஆரம்பித்தால் அவளுக்குப் பசி தெரியாது.

“ஒரே வீட்டில மூண்டு சகோதரம் கோபத்தில இருக்கினம் எண்டு வையுங்க. மூத்தவனுக்கு நெருப்புப் பிடிச்சது தெரியும். ரெண்டாவது ஆளிட்ட எல்லாக் கதவுத் திறப்பும் இருக்கு. மூண்டாவதுக்குக் கண் இருக்கு. ஆனா மூத்தவன் ‘நெருப்பு’ எண்டு கத்தினாலும் ரெண்டாவது ஆள் கதவைத் திறக்கமாட்டான். ஏனெண்டா அவையளுக்குள்ள பேச்சில்ல.”

“பேச்சிருந்தா?”

“அலாரம் அடிச்ச உடன எல்லாப் பூட்டும் தானாத் திறந்திருக்கும். அது காந்தப் பூட்டு சேர். கரண்ட் இருக்கும்வரைதான் கதவைப் பிடிச்சு வச்சிருக்கும். அலாரத்திலயிருந்து ஒரு வயர் இழுத்து அந்தக் கரண்டை நிப்பாட்டினாக் காணும். இங்க அந்த வயர் இல்ல. நெருப்பால மெயின் கரண்ட் போச்சு, கமரா செத்துது. கார்ட் மெஷினுக்குத் தனி பற்றரி. அது கடைசிவரை கதவை விடேல்ல.”

நாகேஸ்வரி கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

“அவர்தான் மொட்டை மாடியைப் பூட்டச் சொன்னவர். மேல ஆள் நிண்டா, கீழ ரோந்து போறவங்கள் வந்து ஏன் எண்டு கேப்பாங்கள் எண்டு.”

“தெரியும் அன்ரி. இதுகளை ஒண்டாச் சேர்க்கச் சொல்லி நான் கேட்டனான். ‘பிள்ளை, யார் உள்ளுக்கு, யார் வெளியில எண்டு ஒரே இடத்தில எழுதி வச்சா, வாறவங்களுக்கு நாங்களே வழி காட்டினது மாதிரி’ எண்டார்.”



யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அது அசட்டுப் பயம் இல்லை.

கௌரி கமராப் பதிவைத் திரையில் ஓடவிட்டாள். கூடமும் படிக்கட்டும் தெரிந்தன. கூடத்தில் கனகசபாபதி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அழகுமுத்து படியேறினான். திரையின் மூலையில் நேரம்: இரண்டு ஐம்பது. சிறிது நேரத்தில் இறங்கி வந்து கேற் பக்கம் போனான். அதற்குப் பிறகுதான் கரண்ட் போய்த் திரை கறுத்தது!

“சேர், கமரா இவர் ரெண்டு ஐம்பதுக்கு ஏறினார் எண்டுது. கார்ட் மெஷின் மூண்டு இருபத்தஞ்சுக்குக் கதவுக்கு வந்தார் எண்டுது. ஆறு மாடி ஏற இவ்வளவு நேரமா?”

“எனக்கே இந்த வண்டியோட ஐஞ்சு நிமிசம் போதும்.” ஒஸ்வால்ட் வயிற்றைத் தடவினார். திடீரென்று கை நின்றது. “இருங்க...”

“கார்ட் மெஷின் எப்ப பொருத்தினது அழகுமுத்து?” என்று கேட்டாள் கௌரி.

“அது பழசுங்க. கேமரா போன வருசக் கடைசியிலதான் வந்துச்சு.”

கௌரி தலையில் கைவைத்தாள்.

போன வருடம் சித்திரையில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தது. வீட்டு மணிக்கூட்டையெல்லாம் சனம் திருத்தியது. சுவர்ப் பெட்டிக்குள் இருக்கும் மணிக்கூட்டை யார் நினைத்தார்கள்?

“கார்ட் மெஷின் இன்னும் பழைய நேரத்தில ஓடுது சேர். மூண்டு இருபத்தஞ்சு எண்டா உண்மையில ரெண்டு ஐம்பத்தஞ்சு. நெருப்புக்கு முன்னம். இவர் சொன்னது உண்மை.”

அழகுமுத்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது.

ஒஸ்வால்ட் சாவியை எடுத்தார். பிறகு நிறுத்தினார்.

“பாதிதான் மிஸ். ‘அம்மா மேல இருக்காங்க’ன்னு ஏன் சொன்னான்? மேலதிகாரிமார் என்னைக் கேப்பாங்க. படுக்கையறைக் கதவு உடைச்சுக் கிடந்தது, தலையணை நிலத்தில கிடந்தது. அதுக்கும் பதில் இல்ல.”

கௌரி திரும்பவும் கார்ட் மெஷினைப் பார்த்தாள். எல்லா நேரத்திலும் அரை மணித்தியாலம் கழித்தாள். கமராவுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினாள்.

ஓரிடத்தில் விரல் நின்றது.

“கடற்கரைப் பக்கத்துப் பின் கேற். அண்டைக்கு மத்தியானம் ஒருக்காத் திறந்திருக்கு. செயலாளரின்ர கார்ட்ல.”

“அவர்ட கேற், அவர்ட கார்ட். அதில என்ன?”

“அதே நேரம் கமராவைப் பாருங்க சேர்.”

கூடத்தில் கனகசபாபதி பேப்பரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு மனிதன் இரண்டு இடத்தில்!

“கார்ட் மெஷினை மட்டும் பாத்தா அவர் வெளியில போனார். கமராவை மட்டும் பாத்தா அவர் எங்கயும் போகேல்ல. ரெண்டையும் சேர்த்துப் பாத்தாத்தான்...”

கௌரி வசனத்தை முடிக்கவில்லை. வாசலோரம் கைப்பையின் கொக்கி திறக்கும் சத்தம்.

நாகேஸ்வரி மேசைக்கு வந்தாள். ஒரு வெள்ளைக் கார்டை வைத்தாள். கையோடு ஒரு பாதி எரிந்த மெழுகுதிரியும் வந்து விழுந்தது.

ஒஸ்வால்ட் அதைக் கையில் எடுத்தார். குரல் இறங்கியது.

“செவ்வாய்க்கிழமை. எங்கட அந்தோனியார் கோயில்.”

“ஓம். என்ர பிள்ளையை வான் வண்டியில ஏத்திக்கொண்டு போன நாளிலயிருந்து போறன். சைவக்காரிதான். ஆனா பிள்ளையைத் தொலைச்சவளுக்கு எந்தக் கோயிலெண்டு இருக்கே?” அவள் குரல் அசையவில்லை. “இவருக்குப் பயம். வழி முழுக்க செக் பொயின்ட். ‘அவனைத் தொலைச்சது காணும், உன்னையும் தொலைக்கேலாது’ எண்டு சொல்லுவார். அதால சொல்லாமப் போவன். தலையிடி எண்டு சொல்லி, தலையணைக்கு மேல போர்வையை இழுத்து மூடி, கதவைச் சாத்திப் பூட்டிப்போட்டு, பின்பக்க லிஃப்டால இறங்கி... என்ர கார்ட்டுக்குப் பின் கேற் திறக்காது. அவற்ற கார்ட்டுக்கு எல்லாம் திறக்கும்.”

“எல்லாம்,” என்றாள் கௌரி மெதுவாக.

மொட்டை மாடிக் கதவும்.

இப்போது எல்லோருக்கும் அது தெரிந்தது. அவர் கதவை உடைத்தார். போர்வையை இழுத்தார். தலையணை. புகைக்குப் பயந்து மேலே ஓடியிருப்பாள் என்று நினைத்தார். மொட்டை மாடிக் கதவுக்கு வந்து சட்டைப் பையில் கைவிட்டார்...

பை வெறுமையாக இருந்தது.

“நான் திரும்பி வரேக்க ரோட்டில சனம். நானும் அதுக்குள்ள நிண்டு அவரைத் தேடினனான். கார்ட் என்ர பைக்குள்ள. பிறகு, எங்க இருந்தனீங்கள் எண்டு பொலிஸ் கேக்க, பிள்ளையைத் தேடிப் போனன் எண்டு சொல்லப் பயமாயிருந்தது. இவன்தான் கொலை செய்தவன் எண்டினம். நம்பினன். நம்பினாத்தான் நித்திரை வந்தது.”

அழகுமுத்துவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

ஒஸ்வால்ட் விலங்கைக் கழற்றினார்.  பிறகு கார்ட் மெஷின் காட்டிய நேரத்தைக் குறித்து, கமராப் பதிவோடும் கார்டோடும் ஒரு உறைக்குள் போட்டார்.

“இதை நானே கொண்டு போய்க் காட்டுறன். கோயிலுக்குப் போனது எந்தச் சட்டத்திலயும் குற்றமில்ல. மிஸ், யார் கொன்னதுன்னு கேட்டா என்ன சொல்ல?”

“ஒருத்தரும் இல்ல சேர். ஒரு வயர் இழுக்கேல்ல.”

அழகுமுத்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான்.

“அரை மணி முந்திப் போனது மிஷினு சார். உள்ள போனது நானு.”

யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

கௌரி கார்ட் மெஷினின் மூடியைக் கழற்றினாள். இப்போதாவது செய்யவேண்டியதைச் செய்தாள். மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைத்தாள்.

நாகேஸ்வரி பின்னால் வந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை.”

“என்ன அன்ரி?”

“கையோட கையா இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வையன். செவ்வாய்க்கிழமை மத்தியானம்வரைக்கும் காணும். இந்த முறை நான் அவரிட்டச் சொல்லிப்போட்டுப் போறன்.”