கேட்காமல் தொட்ட வண்டி

மழை என்றால் மழை... அப்படியொரு மழை!

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே மாடிப்படியில் தடதடவென்று இறங்கியவள், கட்டடத்தின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்டிருந்த பார்க்கிங்குக்குள் ஓடினாள். ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி. ஒன்றும் தெரியவில்லை. தெரிய என்ன இருக்கிறது? தினமும் நிறுத்துகிற அதே தூண்... அதே கறுப்பு வண்டி. சாவியைப் போட்டாள், திருகினாள், கிளம்பிவிட்டாள்.

தெருமுனை திரும்பும்போதுதான் முதல் ஆச்சரியம். கிளட்ச் வெண்ணெயாக இருந்தது! இரண்டு விரல் வைத்தாலே போதும். வழக்கமாக வீடு போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு உள்ளங்கை கன்றிவிடும். இன்று கியர் தொட்டால் விழுந்தது. வளைவில் உடம்பை லேசாகச் சாய்த்தால் வண்டி அதற்கு முன்பே சாய்ந்தது. மழையில் நனைந்ததில் வண்டிக்கு நல்ல புத்தி வந்துவிட்டதோ என்று குஷியாகிப் போனாள்.

சின்ன வண்டிதான். நூற்றைம்பது சிசி. சிக்னலில் பெரிய வண்டிக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பார்க்காவிட்டால் போகட்டும்! ஒல்லியான இடுப்பு, திமிரான முகம், சந்துக்குள் புகுந்தால் பூனை... ஊருக்குள் ஓட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டரைத் தட்டினாள். டிக்டிக்டிக்டிக்... என்று பதறி அடித்துக்கொண்டது. அவள் வண்டியில் அது நிதானமாக அடிக்கும். அவளே கட்டிய ஒயரிங், குற்றம் சொல்ல முடியாது. ஓரமாக நிறுத்தி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாள். சீட்டில் அவள் கையால் தைத்த சிவப்பு நூல் எங்கே?

ஐயோ... இது என் வண்டியே இல்லை!

காலையில் தாமதமாக வந்ததால் வழக்கமான இடம் கிடைக்காமல் பக்கத்துத் தூணில் நிறுத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரே மாடல், ஒரே நிறம். பழைய வண்டிகளில் பூட்டுத் தேய்ந்துவிட்டால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேரும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தனக்கே நடக்கும் என்று நினைக்கவில்லை. போலீஸ், திருடி, பத்திரிகைச் செய்தி என்று கற்பனை எங்கெங்கோ ஓட, வந்த வழியே திரும்பினாள்.

பார்க்கிங்கில் அவள் வண்டிக்குப் பின்னால் ஒருவன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்பேனர். மழைச் சாரல் தெறித்த மூக்குக் கண்ணாடி.

"வந்துட்டீங்களா?" என்றான், ஏதோ காபி குடிக்கப் போனவளைக் கேட்பது போல. "எப்படி இருந்துச்சு என் வண்டி?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "சாரிங்க... ரொம்ப சாரி. மழையில தெரியல. சாவி வேற சேர்ந்துடுச்சு. நான்..."

"பரவால்ல, விடுங்க." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் அவளைக் கொஞ்சம் தேடி, பிறகு கண்டுபிடித்துச் சிரித்தன. அந்த நொடி அவளுக்கு என்னவோ செய்தது. மழைக் குளிராகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "கீழ இருக்கிற கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறேன். புதுசா சேர்ந்திருக்கேன். நீங்க மூணாவது மாடி காது மெஷின் ரிப்பேர்தானே?"

"ஆமா..." என்றவளின் பார்வை அப்போதுதான் ஸ்பேனருக்குப் போனது. பின்சக்கரத்துக்குப் போனது. "என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"செயின் ரொம்ப டைட்டா இருந்துச்சுங்க. துணி காயப்போடற கயிறு மாதிரி! யாரு வெச்சது? எந்த மெக்கானிக்னு தெரியல, வண்டியைக் கொன்னுடுவான். சும்மாதானே நிக்கிறோம்னு லூஸ் பண்ணி விட்டேன்."

குளிர் போன இடம் தெரியவில்லை. "நான்தான் வெச்சேன்."

"ஓ..."

"என் வண்டியில ஆயில் மாத்தறதுல இருந்து சீட்டு தைக்கிறது வரைக்கும் நான்தான். யாரைக் கேட்டு தொட்டீங்க?"

"நீங்க மட்டும்? என் வண்டியை ஓட்டிட்டே போயிட்டீங்க!"

"அது தெரியாம. நீங்க தெரிஞ்சே. உங்க இண்டிகேட்டர் கன்னாபின்னான்னு அடிக்குது. புது எல்இடி பல்பு போட்டுட்டு, அதை விட்டு விட்டு எரிய வைக்கிற ரிலேயை மாத்தாம விட்டிருக்கீங்க. எனக்கும் கை அரிச்சுதுங்க சார். தொட்டேனா?"

அவள் கையை நீட்டினாள். "பழையபடி டைட் பண்ணிக் குடுங்க."

"அது மட்டும் முடியாதுங்க. தப்புன்னு தெரிஞ்சு எப்படி பண்றது?" ஸ்பேனரை அவள் கையில் வைத்தான். "வேணும்னா நீங்களே பண்ணிக்கோங்க."

பண்ணினாள்! சேலைக்காரர்களும் சட்டைக்காரர்களும் வேடிக்கை பார்க்க, ஈரத்தரையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, செயினைப் பழையபடி இறுக்கிவிட்டுத்தான் கிளம்பினாள். வீம்பு என்று வந்துவிட்டால் அவளுக்கு நிகர் அவள்தான்.

அதன் பிறகு இரண்டு கறுப்பு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்துத் தூணில் நின்றன, பேசாமல். சொந்தக்காரர்களும் அப்படியே. ஆனால் அவன் வராத நேரமாகப் பார்த்து அவள் அந்த வண்டியைச் சுற்றி வருவாள் என்பது வாட்ச்மேனுக்கு மட்டும் தெரியும். என்ன வண்டி அது! ஸ்டிக்கரையெல்லாம் உரித்துவிட்டு வெறும் கறுப்பு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மட்கார்டைக் கழற்றி, நம்பர் பிளேட்டைச் சின்னதாக உள்ளே இழுத்திருந்தான். கைப்பிடி முனையில் வட்டக் கண்ணாடிகள். செயினில் ஒரு தூசி கிடையாது. சத்தம் போட்டு ஊரைக் கூட்டுகிற சைலன்சர் இல்லை. பொருளைப் பார்த்தால் ஆளைத் தெரியும் என்றால், இவன் ரொம்ப நல்லவனாக இருக்க வேண்டும்... சே, என்ன நினைப்பு இது!

ஒருநாள் மாலை அவன்தான் மௌனத்தை உடைத்தான். "ஒண்ணு கேக்கலாமா? உங்க ஹெட்லைட்டுக்குப் பின்னாடி ஒயரெல்லாம் யாரு கட்டினது?"

"ஏன், அதையும் அவுக்கணுமா?"

"இல்லைங்க... நான் பார்த்ததிலேயே அழகான ஒயரிங் அதுதான். சடை பின்னின மாதிரி..." சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டுப் போனான்.

அவள் ஹெல்மெட்டை அவசரமாக மாட்டிக்கொண்டாள். சிரிப்பை மறைக்க அதைவிட வசதியான சாமான் உண்டா?

வீட்டில் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். மாமா ஊருக்குப் போயிருந்ததால் தங்க வந்திருந்தாள் அக்கா. "என்னடி, வண்டி துடைக்கும்போது தானா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் இதுல ஏறி உக்காரேன்."

கொஞ்ச நாளாகவே பின்சக்கரத்திலிருந்து ஓர் உறுமல். அது அவள் மனசை அரித்தது. வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்ததில் சந்தேகம் இன்னும் பலமாகியிருந்தது. அக்கா தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது, செயின் விண்ணென்று இழுத்துக்கொண்டது. இறங்கினாள், கொஞ்சம் தளர்ந்தது. ஆள் இல்லாதபோது தளர்வாக விட்டால்தான் ஆள் உட்கார்ந்ததும் செயின் சரியாக நிற்கும். இவள் வெறும் வண்டியை வைத்தே இறுக்கியிருக்கிறாள். காது மெஷின் வேலை பார்க்கிறவளுக்குச் செயின் லேசாகத் தட்டுகிற சத்தம்கூடப் பொறுக்காது. சத்தம் நிற்கும்வரை இறுக்கியிருக்கிறாள்!

"அவன் சொன்னது சரி..." என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"எவன்?"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீயும் ஓட்டுவியேக்கா. ஏன் விட்ட?"

"விடலடி... அதுவா போயிடுச்சு." அக்கா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். "முதல்ல 'சர்வீஸுக்கு நான் விடறேன்'னார் உங்க மாமா. அப்புறம் பெட்ரோல். அப்புறம் மழையா இருக்கு, நானே கொண்டுபோய் விடறேன்னார். ஒருநாள் பார்த்தா சாவி அவர்கிட்ட இருக்கு. மோசமானவரா இருந்தா சண்டை போட்டிருப்பேன். நல்லவரா இருந்துட்டாரே!"

அவளுக்குச் சுருக்கென்றது. அன்று பார்க்கிங்கில் தனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போதுதான் புரிந்தது. அவனைப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது. அதுதான் பயமாக இருந்தது. 'நான் பார்த்துக்கறேன்' என்று அவனும் ஆரம்பித்தால்... இந்த வண்டி, இந்த ஸ்பேனர், கறை படிந்த இந்தக் கை, எதுவும் தனக்கு மிஞ்சாமல் போய்விட்டால்? செயினைச் சரியாக வைத்தாள். மனசைத்தான் எவ்வளவு தளர்த்துவது, எவ்வளவு இறுக்குவது என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் தூறல். பார்க்கிங்கில் அவன் தன் வண்டியின் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். கையில் தீப்பெட்டி அளவில் ஒரு புது ரிலே.

"வாங்கிட்டேன். மாட்டத் தெரியல. ஒயர்னாலே எனக்குப் பயம்ங்க," என்றான். "கொஞ்சம் பாக்குறீங்களா? நான் இங்க நிக்கலாமா, இல்ல தள்ளிப் போகணுமா?"

"நில்லுங்க. டார்ச்சைப் பிடிங்க. வாயைத் திறக்கக் கூடாது."

பழையதைக் கழற்றினாள், ஒரு ஒயரை நீட்டித்து முறுக்கி டேப் சுற்றினாள், புதியதை மாட்டினாள். அவன் டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டு, சொன்னபடியே வாயைத் திறக்காமல், அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு இரண்டு தடவை டேப் ஒட்டாமல் போனது. கடைசியில் ஸ்விட்சைத் தட்டினாள். டிக்... டிக்... டிக்... நிதானமாக அடித்தது. இண்டிகேட்டர் மட்டும்தான் நிதானமாக அடித்தது.

"என் செயின் டைட்டாதான் இருந்துச்சு," என்றாள், அவனைப் பார்க்காமல். "மாத்திட்டேன்."

'சொன்னேன்ல' என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை.

"நான் தொட்டது தப்புங்க. செயின் எப்படி இருந்தாலும் அது தப்புதான்." கொஞ்சம் தயங்கினான். "இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கு நீங்க என் வண்டியை எடுக்கும்போதே கடை ஜன்னல் வழியா பார்த்தேன்."

"பார்த்தீங்களா? அப்ப கத்தியிருக்கலாம்ல!"

"கத்தினா நிறுத்திடுவீங்களே... அந்தத் தெருமுனை வளைவை நீங்க சாஞ்சு எடுத்தீங்க பாருங்க. என் வண்டி அவ்வளவு அழகுன்னு எனக்கே அப்பதான் தெரிஞ்சுது."

தகரக் கூரையில் தூறல் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு பயம் இருக்கு. நீங்க நல்லவரா இருந்துடுவீங்களோன்னு."

"என்னது?"

அக்காவைப் பற்றிச் சொன்னாள். சாவி கைமாறிய கதையைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை, சத்தியம் செய்யவில்லை, நான் அப்படியில்லை என்று மார்தட்டவும் இல்லை. டார்ச்சை அணைத்துச் சீட்டின் மேல் வைத்தான்.

"எனக்கும் அந்தப் பழக்கம் இருக்குங்க," என்றான் மெல்ல. "பொய் சொல்லக் கூடாது. எதைப் பார்த்தாலும் கை தானா போகும். ஒரே நாள்ல போயிடாது."

"அப்ப?"

"அன்னிக்குக் கத்தினீங்களே... அதே மாதிரி கத்துங்க."

"எத்தனை நாளைக்கு?"

"ஆயுசு முழுக்க..." காதுமடல் சிவக்க நின்றான். "முடியுமா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒருத்தன் தன் குறையை ஒத்துக்கொண்டு, அதைத் தட்டிக்கேட்க ஆயுசு முழுக்கக் கூட இரு என்கிறான்... இதைவிட ஒரு பெண்ணிடம் என்ன கேட்டுவிட முடியும்? கறை படிந்த கையை அவன் கையில் வைத்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு!"

சத்தமாகத்தான் சொன்னாள். கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.