என் காலுக்கு வந்த மவுசு

என் முகத்தை இதுவரை யாரும் பாராட்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோவில்கூட, எனக்கு முன்னால் நின்ற செவ்வந்தியின் தலைப்பூதான் தெளிவாக விழுந்திருந்தது. அப்படிப்பட்ட எனக்கு, ஆறாம் வகுப்பு படிக்கும்போது, என் இரண்டு கால்களால் பெயர் வந்தது.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஊர்க் கிறிஸ்தவக் கோவிலில் சாமியாருக்கு, அதாவது பாதிரியாருக்கு, அடுத்த ஆள் உபதேசியார் ராயப்பன். மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, எங்களை அதட்டுவது எல்லாம் அவர் வேலை. மூன்றாவது வேலையை மட்டும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும் அவர் ஒரு டப்பாவைக் குலுக்கினார்.

"பெரிய வியாழன் அன்னிக்கு சாமியார் பாதம் கழுவப்போற பன்னண்டு பேரு! கவனமா கேளுங்க!"

இயேசு தம் சீடர்கள் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அதை நினைத்து, வருடத்தில் ஒருநாள் சாமியார் மண்டியிட்டு, பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். எப்போதும் கடைக்காரர், வாத்தியார் என்று பெரிய மனிதர்களே உட்காருவார்கள். இந்த வருடம் வந்த புதுச் சாமியார், வீட்டுக்கு ஒரு பெயர் எழுதிக் குலுக்கிப் போடச் சொல்லிவிட்டார். பெண் பிள்ளைகளும் உண்டு என்றார்.

பதினோராவது சீட்டு என்னுடையது. மார்கரெட். என் பக்தியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் டப்பாவுக்குப் பக்தியெல்லாம் தெரியாது.

பன்னிரண்டாவது சீட்டு சூசை மாமா. எங்கள் தெருக்கோடியில் இருப்பவர், கரும்பு வெட்டுகிறவர்.

"நம்ம பேருதானாங்க? நல்லா பாத்தீங்களா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் காலை நல்லா தேச்சிக் கழுவிக்கினு வரணும். சாமியார் வாய வெச்சி முத்தம் குடுக்கிற காலு!" என்றார் உபதேசியார்.

உடம்பு என்பது கடவுள் குடியிருக்கிற வீடு என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். வீடு என்றால் விசேஷத்துக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டாமா? அன்றைக்கே ஆரம்பித்தேன். செங்கல் துண்டால் தேய்த்தேன். ஷாம்பு பாக்கெட் இரண்டு, எலுமிச்சம்பழம் ஒன்று, அம்மாவின் முகப் பவுடர் பாதி டப்பா எல்லாம் என் காலுக்கே போயின. நான்கு நாட்களும் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு, காலைப் பெஞ்சின்மேல் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"மார்க்ரெட்டு, ரெண்டு குடம் தண்ணி புடிச்சிக்கினு வாடி," என்றாள் அம்மா.

"முடியாதும்மா. இது கடவுள் குடியிருக்கிற வூடு. அழுக்காயிடும்."

"ஓஹோ! அந்த வூட்டுக்கு மட்டும் தண்ணி வேணாமா? எழுந்திருடி!"

எழுந்தேன். சாக்ஸோடு போய்த்தான் தண்ணீர் பிடித்தேன்.

வியாழக்கிழமை வந்தது. பூசை ஆறு மணிக்கு. ஆனால் நான்கு மணிக்கே பன்னிரண்டு பேரையும் கோவில் வாசலில் வரிசையாக நிற்க வைத்தார் உபதேசியார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தபடி வந்தார். பரீட்சைக்குக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

என் முன்னால் வந்ததும் நின்றார்.

"அடேயப்பா! இது காலா, இட்லியா? எல்லாரும் பாத்துக்குங்க, இதான் பாதம்!"

நான் இட்லி மாதிரியே உப்பிப் போனேன்.

அடுத்து சூசை மாமா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதற்குக் கீழே, நாள் முழுக்கக் கரும்புத் தோட்டத்தில் நடந்த கால்கள். குதிகாலில் ஆழமான வெடிப்புகள். கரும்புக் கட்டை குத்திய தழும்புகள். வெடிப்புக்குள் எல்லாம் கறுப்பு.

"இன்னாப்பா சூசை இது! காலா, காஞ்ச ஏரி மண்ணா? பக்கத்துல அந்தப் பொண்ணு காலைப் பாரு, உன் காலைப் பாரு. கழுவுனியா இல்லியா?"

சிலர் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் காதைத் திருகிக்கொள்ளத் தோன்றுகிறது.

சூசை மாமாவும் கால்களை வேட்டிக்கு உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தார். "தோட்டத்து மோட்டார் தண்ணியில போயி இன்னொரு தபா கழுவிக்கினு வந்துடறங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பன்னிரண்டாவது நாற்காலிக்கு ஆள் வரவில்லை.

"வர மாட்டான்போல. வேற ஆளைப் போட்டுட வேண்டியதுதான்," என்று உபதேசியார் கூட்டத்தைப் பார்த்தார்.

சட்டைப் பையில் சூசை மாமா சீட்டை வைத்த விதம் என் கண்ணுக்குள் வந்தது. "நான் போயி கூட்டிக்கினு வரேங்க!" என்று சொல்லி, உபதேசியார் பதில் சொல்வதற்குள் ஓடினேன்.

கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகை பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தார் சூசை மாமா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தில் லேசாக ரத்தம் கசிந்தது.

"மாமா! இன்னா பண்றீங்க? மணி அஞ்சு தாண்டிச்சு!"

"போவ மாட்டுது பாப்பா," என்றார் தலையைத் தூக்காமல். "ஞாயித்துக்கெழமையில இருந்து தேய்க்கிறேன். கறுப்பு உள்ளயே போய்க்கீது. நீ போ. அவுங்க வேற ஆளை வெச்சிக்குவாங்க."

"நாற்காலி காலியா கீது மாமா."

"இந்தக் காலுல போயி சாமியார் முத்தம் குடுக்கணுமா? எனக்கே தொடப் புடிக்கல. ஊரே சிரிக்குது."

ஊர் என்று அவர் சொன்னதில் நானும் இருந்தேன். கடைசி நேரத்தில் பூசிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்திருந்த அம்மாவின் பவுடர் டப்பாவைப் பாவாடைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். எவ்வளவு மடத்தனம் பாருங்கள்! அவர் அதைப் பார்த்துவிட்டு, "பூசினா மாவுல பெரட்டுன மீன் மாதிரி ஆயிடும் பாப்பா," என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

நான் அவர் கால்களைப் பார்த்தேன். பிறகு என் கால்களைப் பார்த்தேன். நான்கு நாட்களாக என் கால்கள் என்ன வேலை செய்தன? பெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தன. அந்தக் கால்களைக் காட்டித்தான் இவரைக் கேலி செய்தார்கள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பாவாடையைத் தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் பாய்ந்து குழைந்து கிடந்த செம்மண் வயலுக்குள் தொபுக்கென்று குதித்தேன். முழங்கால்வரை போயிற்று.

"ஐயையோ! இன்னா பாப்பா பண்ற! உங்கம்மா கொன்னுடும்!"

"அம்மா அப்புறம் மாமா. மொதல்ல உபதேசியார்!" சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினேன். இட்லி போய், செம்மண் பொம்மை ஆகியிருந்தது. "இப்ப அவரு என்னைத்தான் திட்டுவாரு. உங்க காலைப் பாக்க அவருக்கு நேரமே இருக்காது."

"வா, கழுவி வுடறேன்."

"வேணாம். ஆனா தனியா போறதுக்குப் பயமா கீது மாமா. கூட வாங்களேன்."

அது பொய் இல்லை. சூசை மாமா என்னையும் என் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டு எழுந்தார்.

"சரி வா. திட்டுனா ரெண்டு பேருமா வாங்கிக்கலாம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை மணி அடித்துவிட்டது. உபதேசியார் என் கால்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கோவிலுக்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டதால் அப்படியே மூடிக்கொண்டார். தலையில் மட்டும் கை வைத்துக்கொண்டார்.

நான் சொன்ன மாதிரியே சூசை மாமாவை அவர் பார்க்கவே இல்லை.

சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். முதல் பத்துப் பேருக்கும் சீக்கிரமாக முடிந்தது. தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார். பாத்திரத்தில் விழுந்த தண்ணீர் ஊற்றியபோது இருந்த மாதிரியே தெளிவாக இருந்தது.

என் முறை வந்தது. தண்ணீர் செக்கச் செவேல் என்று ஓடியது. சாமியார் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை கண்ணில் வந்து நின்றது.

"இப்பத்தாம்மா கழுவுறதுக்கு ஒரு காலு கெடச்சிருக்கு," என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு திரும்பி, "உபதேசியாரே, இன்னொரு வாளி தண்ணி!" என்றார்.

உபதேசியார் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் புதுத் தண்ணீரில் சாமியார் சூசை மாமாவின் கால்களைக் கழுவினார். அவசரமே படவில்லை. வெடிப்பு வெடிப்பாக, விரல் விரலாகக் கழுவினார். கல்லால் தேய்த்துப் புண்ணான இடத்தில் மட்டும் விரல் படாமல் தண்ணீரை ஊற்றினார். துடைத்துவிட்டு, இரண்டு கால்களிலும் குனிந்து முத்தமிட்டார்.

வெடிப்புக்குள் இருந்த கறுப்பு அப்படியேதான் இருந்தது. சூசை மாமா இந்தத் தடவை கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். கையில் அந்த வெள்ளைத் துண்டு. பாதி வெள்ளை, பாதி செம்மண்.

"இன்னா பண்ணுவியோ தெரியாது. இதைத் தோச்சிக் குடுக்கணும்."

அம்மா திட்டிக்கொண்டே சோப்பு எடுத்துத் தந்தாள். இரண்டு நாள் ஊறவைத்து, அடித்துத் துவைத்தோம். கறை முழுதாகப் போகவில்லை. ஈஸ்டர் அன்று பயந்துகொண்டே துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உபதேசியார் அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பரவால்ல, வுடு," என்று மடித்து அலமாரியில் வைத்தார். "அடுத்த வருசமும் இதையே எடுத்துக்கலாம்."