டிராக்டர் சுற்றிப் போன இடம்

சிநேகாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து இரவல் ஸ்கூட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலித்தது. கடலாடிப் பக்கத்து மே மாத வெயிலோ ஈவிரக்கமே இல்லாமல் காய்ந்தது.

"அப்பா, இன்னும் எத்தனை சர்ச்?"

"இதுதாம்மா கடைசி. ராத்திரி சென்னைக்கு ரயில் இருக்குல்ல?" என்றார் அப்பா தர்மராஜ். அவர் குரலிலும் தெம்பில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் தாத்தா இறந்துபோனார். "நம்ம முன்னோர் முதல்ல கும்பிட்ட மிக்கேல் சம்மனசு கோயில் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு. ஓலைக் கோயில். தீப்பிடிச்சு எரிஞ்சதும் சனமெல்லாம் ஊரை விட்டே போயிட்டாங்க. அந்த இடத்துல எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏத்து" என்று கடைசியாகக் கேட்டிருந்தார். அப்பாவும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால், "பழைய சர்ச் எங்கே?" என்று கேட்டால் போதும், எல்லா ஊரிலும் பெருமையாகப் புது சர்ச்சைத்தான் காட்டினார்கள். "பழசை இடிச்சிட்டு டைல்ஸ் எல்லாம் போட்டுக் கட்டியிருக்கோம், உள்ள வந்து பாருங்க சார்!" என்று காபி வேறு கொடுத்தார்கள். காபி டம்ளரைப் பார்த்தாலே சிநேகா ஓடி ஒளியும் நிலைக்கு வந்துவிட்டாள்.

கடைசி ஊரிலும் அதே கதைதான். திரும்பும் வழியில் அப்பா ஒரு கருவேல மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"தாத்தாகிட்ட சரின்னு சொல்லிருக்கவே கூடாது" என்று முணுமுணுத்தார்.

சிநேகாவுக்குப் பாவமாக இருந்தது. முதுகுவலியைப் பற்றி இனிமேல் வாயே திறக்கக்கூடாது என்று முடிவு செய்தாள்.

எதிரே ஒருவர் டிராக்டரில் கோடை உழவு ஓட்டிக்கொண்டிருந்தார். டிராக்டர் நேராக வந்தது. வயலின் நடுவில் புல் முளைத்த ஒரு சின்ன மேடு. அதன் பக்கத்தில் வந்ததும் வளைந்து சுற்றிப் போனது. மறுபடி வந்தது, மறுபடியும் சுற்றியது. அங்கே மரமும் இல்லை, கிணறும் இல்லை.

சிநேகா எழுந்து வரப்புக்கு ஓடினாள்.

"அங்கிள், அந்த இடத்தை மட்டும் ஏன் உழ மாட்டேங்கிறீங்க?"

டிராக்டர் நின்றது. ஓட்டியவர் பெயர் தவசி. நிலமும் அவருடையதுதான்.

"அங்கன ஏர் வைக்கிறதில்ல தாயி. முந்தி வேதக்கோயில், அதான் சர்ச்சு, இருந்த எடமாம். தீயில போயிருச்சுன்னு எங்க அய்யா சொல்லுவாக. வருசம் மொத உழவுக்கு அங்கன ஒரு வெளக்கு வச்சிட்டுத்தான் வண்டிய எறக்குவோம்."

"அப்பா!" என்று சிநேகா போட்ட கூச்சலில் டிராக்டருக்குப் பின்னால் மேய்ந்த கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன.

அப்பா மூச்சு வாங்க ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், "இது எங்க முன்னோரோட இடம்ங்க!" என்றார்.

தவசியின் முகம் மாறிவிட்டது. "எடத்தக் கேட்டு வந்திருக்கீகளா? பட்டா எங்க பேர்லதான் இருக்கு, பாத்துக்கங்க."

சிநேகா அப்பாவின் பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினாள். வெயிலில் அது வாழைப்பழம் போல வளைந்திருந்தது.

"எங்களுக்கு இடமெல்லாம் வேணாம் அங்கிள். இதை ஏத்தணும், அவ்வளவுதான். எங்க தாத்தா சாகறதுக்கு முன்னாடி கேட்டாரு. நீங்க வேணாம்னா இந்த வரப்புலயே நின்னு ஏத்திக்கிறோம்."

தவசி அந்தக் கோணல் மெழுகுவர்த்தியைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வரப்புல எதுக்கு? வாங்க" என்று முன்னால் நடந்தார்.

மேட்டில் காற்று வீசியது. தவசி தோளில் கிடந்த துண்டை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டார். அப்பா மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"எங்க அய்யா காலத்துல இருந்து வெளக்கு வைக்கிறோம். எந்தச் சாமிக்குன்னுதான் தெரியல. பேரச் சொல்லு தாயி" என்றார் தவசி.

"மிக்கேல் சம்மனசு. தேவதூதர்."

தவசி மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "சரி, இனி பேரச் சொல்லியே வைப்போம். பொங்கலும் வச்சிரலாம். அவருக்கு என்ன பொங்கல் புடிக்கும்?"

சிநேகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா திருதிருவென்று விழித்தார். பசி வேறு அவள் வயிற்றைக் கிள்ளியது.

"சர்க்கரைப் பொங்கல்" என்றாள் சிநேகா. "முந்திரி நிறையப் போடணும்."