கோல் விழுந்தபோது ஒரு கொலை

"வீல்ல்ல்...!"

நகைக்கடையைப் பெருக்க வந்தவள் போட்ட அலறலில் தெருவே திரண்டது.

கல்லாவுக்குப் பின்னால் முதலாளி. மண்டை பிளந்து... பிணமாக!

பார்ட்னரை ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தார் இன்ஸ்பெக்டர்.

"கொலை நடந்தப்ப நான் ஸ்டேடியத்துல ஃபுட்பால் ஃபைனல் பார்த்துக்கிட்டிருந்தேன் சார். முதல் வரிசை. இதோ டிக்கெட்!"

மீசையை நீவிக்கொண்டே சொன்னான். வக்கீல் வேறு வாசலில் நின்று குதித்தார். வெளியே பெஞ்சில் அவனை அப்படியே உரித்துவைத்த தம்பி, மழுமழு முகத்தோடு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

டி.வி. நிலையத்தில் மேட்ச் பதிவைக் கேட்டால், "மேலிடத்துல கேட்டுச் சொல்றோம்!"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

இனி ஒரே வழி... மச்சினன்!

'தண்டச்சோறு' என்று அவரே பட்டம் கொடுத்திருந்த மச்சினன். மொட்டை மாடியில் ஆன்டெனா, கம்ப்யூட்டருக்குள் டி.வி. கார்டு என்று எந்நேரமும் எதையாவது குடைந்துகொண்டிருப்பவன்.

"மாப்ளே... நேத்து மேட்ச்சை ரெக்கார்ட் பண்ணியா?"

"இதையெல்லாம் பிடுங்கி வீசப் போறேன்னீங்களே அத்தான்?"

"வீசலையே! போடுப்பா!"

"ஹெச்.டி. அத்தான்! அவங்க அனுப்புறதை ஒரு புள்ளி குறையாம ஹார்ட் டிஸ்க்குல இறக்கி வெச்சிருக்கேன்."

திரையில் முதல் வரிசை.

பார்ட்னர்... ஜம்மென்று கைதட்டிக்கொண்டிருந்தான்!

இன்ஸ்பெக்டருக்கு முகம் தொங்கிப்போனது.

"போச்சு! ஆளை விட்டுட வேண்டியதுதான்."

"இருங்க அத்தான்... பெருசு பண்றேன்."

கோல்!

கூட்டம் துள்ளியது. பார்ட்னரும் துள்ளினான்.

மீசை மட்டும் துள்ளவில்லை!

வியர்வையில் பசை விட்டு, ஒரு பக்கமாக உதட்டில் தொங்கியது!

"அடப்பாவி... இது அந்த மழுமழு தம்பி!"

போன் பறந்தது. தம்பியை இழுத்து வந்தார் ஏட்டு.

திரையைப் பார்த்ததும் தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணன்தான் சார் ஒட்டிவிட்டான்! 'போய் உட்காரு, கேமரா வந்தா கையாட்டு'ன்னான்... முதலாளியைக் கொல்லப் போறான்னு சத்தியமா எனக்குத் தெரியாது!"

இன்ஸ்பெக்டர் மச்சினனைக் கட்டிக்கொண்டார்.

"அத்தான்... பின் வரிசையைப் பாருங்க. சட்டையைக் கழட்டிச் சுத்திக்கிட்டு ஆடுறாரே, அவரு..."

பார்த்தார். திரும்பினார்.

ஏட்டு மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். மாமியார் செத்துவிட்டாள் என்று நேற்று லீவ் வாங்கிப் போனவர்!

"ஐயா... அது வந்து..."

"பேசாதய்யா! துக்கம் தாங்காம நீ சட்டையைக் கழட்டி வீசினது ஹெச்.டி.ல பளிச்சுன்னு தெரியுது!"